லோகு அத்தையும் விழாத விமானமும்

அன்று காலை பிள்ளைக்காம்பரா வளைவில் லொறி ஹோர்ன் அடிக்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். ஆரோக்கியம் அண்ணன் பதுளையிலிருந்து எப்போது வந்தாலும் அந்த வளைவில் நீளமாக ஒரு ஹோர்ன் அடிப்பார். உள்ளே தொட்டிலில் தூங்கும் பிள்ளைகளெல்லாம் எழும்பி அழும். லோகு அத்தை வாசலுக்கு ஓடி வந்து, "ஒன் டயர்ல ஆணி ஏற!" என்று கத்துவார். அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்த ஏச்சைக் கேட்பதற்காகவே அவர் ஹோர்ன் அடிக்கிறார் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று லொறி மெதுவாகத் திரும்பி, எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "லோகு போயிருச்சு" என்றார். முந்திய நாள் நெஞ்சு வலிக்கிறது என்று அதே லொறியில்தான் அத்தையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "மெதுவா ஓட்டு, நான் என்ன கொழுந்து மூட்டையா?" என்று வழியெல்லாம் அண்ணனை ஏசிக்கொண்டே போனாராம்.

காரியத்தன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், வேறு யாராவது வாசியுங்கள். கேட்கப்போகிறவர்கள் எல்லோரும் அத்தையைத் தெரிந்தவர்கள் என்பதால் பொய் எழுதவும் வழியில்லை. அவர் அமைதியானவர் என்று எழுதினால் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவீர்கள்.

தம்பி பிறந்த வருடம் எங்கள் அப்பா இறந்துபோனார். அம்மாவும் மூத்தவள் ராணியக்காவும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக, நான் ஆறாம் வகுப்போடு நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டேன். மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் லோகு அத்தைதான் ஆயா. தம்பியைக் கொண்டுபோன நான் தொட்டில் ஆட்டவும் பால் காய்ச்சவும் அங்கேயே இருந்துவிட்டேன். அத்தை பேசுவார், நான் கேட்பேன். "நீ வாயத் தொறக்காம இருக்கிறது எனக்கு எவ்வளவு வசதி தெரியுமா? குறுக்க பேச ஆளில்ல" என்பார். ஒருநாள் நான் தவறிப்போய் ஒரு கேள்வி கேட்டேன். "பாருங்கடா, இதுக்கும் நாக்கு இருக்கு!" என்று தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் அறிவித்தார்.

அவருடைய பேச்சில் பாதி கொழும்பு. சின்ன வயதிலேயே அங்கே ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவர். அந்த வீட்டு ஐயா பெரிய விமானங்கள் ஓட்டுகிறவர். ஐயாவின் மனைவிக்கோ விமானம் என்றால் பயம். ஐயா ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் சாப்பாட்டு மேசையில் அழுகை. விமானம் எப்படி மேலே நிற்கிறது, எப்போது விழும், விழாமல் இருக்க என்ன செய்வோம் என்று ஐயா உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்து ஆட்டி ஆட்டி விளக்குவாராம். "அந்தம்மா ஒரு நாளும் காது குடுத்துக் கேக்கல. நான்தான் சோத்துப் பாத்திரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னு முழுசாக் கேட்டேன்" என்பார் அத்தை. பிறகு அந்தக் குடும்பம் வெளிநாடு போய்விட, அவர் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்.

இந்த விமானக் கதையை நாங்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தோம். அதற்கு ஒரு தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

ராணியக்காவுக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை சரிவந்தது. கொழுந்துக் கூடையைத் தவிர வேறு எதையாவது தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் செய்தி. எங்கோ ஒரு தூர நாட்டில் ஒரு விமானம் விழுந்துவிட்டது. எந்த நாடு என்பது இப்போது எனக்கு நினைவில்லை. எஞ்சினில் பழுதில்லையாம், மழையும் இல்லையாம். மேலே ஏறும்போது மூக்கை அளவுக்கு மேல் தூக்கிவிட்டார்கள், வேகம் குறைந்து விழுந்துவிட்டது என்று கணக்கப்பிள்ளை ஐயா பத்திரிகையில் பார்த்துச் சொன்னார்.

"நல்லா இருந்த பிளேன் சும்மா விழுந்திச்சாம்ல! சும்மா விழுறதுலயா எம்மவள ஏத்தி அனுப்பச் சொல்றீங்க?" என்றார் அம்மா. பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் போட்டு, பானையை மூடி, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். ராணியக்கா சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு பெண்ணை அனுப்பிவிடுவோம் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பிள்ளைக்காம்பரா வாசலில் ஆரோக்கியம் அண்ணன் அம்மாவின் பக்கம் நின்று பேசினார்.

"எஞ்சின் நிக்காம எப்படி லோகு விழும்? நம்ம லொறி ஏத்தத்துல எஞ்சின் நின்னாத்தானே பின்னால வருது?"

"ஒன் லொறிக்குக் கீழ ரோடு இருக்கு. பிளேனுக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஒன்னுமில்ல."

"மண்டு. காத்து இருக்கு. அதுக்குக் காத்துதான் ரோடு. ரோட்ட விட்டுட்டு வண்டி எறங்கிருச்சுன்னா எஞ்சின் ஓடி என்ன பிரயோசனம்?"

அண்ணன் லொறியில் ஏறி, பதிலுக்கு ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்.

மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட அம்மா பதுளைக்குப் புறப்பட்டார். பிள்ளைக்காம்பராவுக்குப் பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் வாங்க வேண்டும் என்று லோகு அத்தையும் கூடவே வந்தார். பாத்திரம் தூக்க நான். போன இடத்தில் ஏஜென்சி ஆபீஸ் பூட்டியிருந்தது. "பாத்தீங்களா மதினி, கடவுளே பூட்டிட்டாரு" என்றார் அத்தை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஹாலிஎலவைத் தாண்டியதும், புதுப் பாத்திரத்தின் அலுமினிய மூடியை எடுத்து, தட்டையாகப் பிடித்து வெளியே நீட்டினார்.

"மதினி, இங்க பாருங்க. இதுதான் றெக்கை. முன்பக்கத்தக் கொஞ்சம் தூக்குறேன். பாத்தீங்களா, என் கைய யாரோ மேல தூக்குற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் தூக்கினா இன்னும் மேல போகும். நல்லாத்தான போகுதுன்னு தூக்கிக்கிட்டே இருந்தோம்னா..."

மூடி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ரோட்டோரக் கல்லில் ஒரு தடவை மோதி, தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு, பள்ளத்தில் மறைந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ்ஸில் பாதிப்பேர் எழும்பிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் பரீட்சையில் பாஸானவர் போல, "பாத்தீங்களா! இப்படித்தான் விழும்!" என்றார்.

"இதக் காட்டிட்டா எம்மவள அனுப்பச் சொல்ற?" என்றார் அம்மா.

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் நிற்கும்வரை அவர் பேசவில்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான் என்று நினைக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மெல்லிய குரலில் எனக்கு மட்டும் சொன்னார்: "காத்து அந்த மூடியோட முதுகத் தடவிக்கிட்டுப் போற வரைக்கும்தான் தூக்கும், புள்ள. ரொம்ப நிமித்திட்டா காத்தால வளைஞ்சு ஒட்ட முடியாம பிச்சுக்கிட்டுப் போயிரும். பெறகு தூக்குறதுக்கு ஆளில்ல. இத முதல்லயே வாயால சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு பல மாதங்கள் பால் பாத்திரத்தை ஒரு சோற்றுக் கோப்பையால்தான் மூடினோம். மூடி எங்கே என்று தோட்டத்து டாக்டர் ஐயா கேட்டபோது, "பறந்திருச்சுங்க" என்றார் அத்தை. அவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை.

பதுளைக்குப் போய் வந்த அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் மழை. ஒரு சாயந்திரம் மற்றத் தாய்மார் எல்லோரும் வந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அம்மாவைக் காணவில்லை. அம்மாவின் கூட்டத்துக்கு அன்று மேல் மலையில் வேலை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும், ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தையும் ஒற்றையடிப் பாதையின் அடிவாரம் வரை போனோம். நிறைந்த கூடைகளோடு பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பின்னால் வந்தது வேலைக்குப் புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண்பிள்ளை. பாதை வழுக்குவதைப் பார்த்துப் பயந்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, கூடையும் பின்னால் இழுக்க, இரண்டு காலும் வழுக்கி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா நின்று திரும்பி ஏசினார். "பின்னால சாயாதடின்னு எத்தன தரம் சொல்றது? பயந்து சாஞ்சா காலப் பறிச்சுக்கிட்டுத்தான் போகும். பள்ளத்தப் பாத்து முன்னால குனி. அப்பத்தான் பாதம் மண்ணப் பிடிக்கும்."

லோகு அத்தை தலையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"மதினி! இன்னொருக்கா சொல்லுங்க!"

"என்னத்தடி?"

"அந்தப் புள்ளைக்குச் சொன்னத."

"ஒனக்கென்ன பைத்தியமா? மழையில நிக்க வச்சு..."

"இதத்தான் மதினி எங்க ஐயா சொன்னாரு! பிளேன் விழப் பாக்கிறப்ப ஓட்டுறவன் கை பயத்துல மூக்க மேல மேல இழுக்குமாம். இழுத்தா இன்னும் விழும். மூக்கக் கீழ தள்ளணும். விழுற பக்கமே தள்ளணும். அப்பத்தான் வேகம் வரும், காத்து திரும்ப றெக்கையில ஒட்டும், பெறகு மெதுவா மேல வரலாம்."

மழை எல்லோர்மீதும் பெய்துகொண்டிருந்தது. கூடையை இறக்காமலே அம்மா கேட்டார்.

"தள்ளத் தெரியாதவன் ஓட்டினா?"

"தெரியாதவன ஓட்ட விடமாட்டாங்க. அதுக்குன்னு ஆடுற பெட்டி ஒன்னு வச்சிருக்காங்களாம், பிளேன் மாதிரியே. அதுக்குள்ள ஒக்கார வச்சு விழுத்தாட்டிப் பாப்பாங்க. வருசா வருசம் பரீட்சை. எங்க ஐயாவே பரீட்சைக்கு முன்னால சோறு எறங்காம திரிவாரு. பிளேனும் விழுறதுக்கு முன்னால ஓட்டுறவன் கையில இருக்கிற பிடிய ஆட்டிக் காட்டுமாம், 'மூக்கத் தூக்கினது போதும்'னு."

"அப்ப அந்தப் பிளேன் ஏன் விழுந்திச்சு?"

அத்தை சாக்கை எடுத்து உதறிக்கொண்டே சொன்னார்.

"அது தரைக்குக் கிட்ட இருந்திருக்கும் மதினி. ஏறயிலயும் எறங்கயிலயும்தான் ஆபத்து. மூக்கத் தள்ளி வேகம் எடுக்க எடம் இருக்காது. உயரத்தப் பாத்து நாம பயப்படுறோம், ஆனா உயரத்துலதான் தப்பிக்க எடம் இருக்கு. நான் பொய் சொல்லமாட்டேன், எப்பவாவது விழும். இந்தப் பாதையிலயும் ஆளுங்க விழுந்து கால ஒடிச்சிருக்காங்க. நாளைக்கு மலைக்கு வராம இருப்பீங்களா?"

அம்மா சேற்றில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முன்னால் குனிந்து இறங்கிப் போனார்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்முன் அம்மா ராணியக்காவின் பாயைக் காலால் தட்டினார். "ஏய், மேல போனா குளிருமாமே. கம்பளிச் சட்டை வச்சிருக்கியா?" என்றார். குழவி பானையை விட்டு அம்மிமேல் திரும்பியிருந்தது. ராணியக்கா அழுதுகொண்டே பழஞ்சோறு முழுவதையும் தின்றுவிட்டாள். எனக்கும் தம்பிக்கும் மிச்சம் வைக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சிங்களத்தில் வழி கேட்டதும், பஸ் பிடித்ததும், வாசலில் நின்றவரிடம் பேசியதும் லோகு அத்தைதான். அம்மா அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மாவுடைய தலைப்பை நான் பிடித்துக்கொண்டேன். ராணியக்கா உள்ளே போனபிறகு, பார்வையாளர்கள் நிற்கும் மாடிக்கு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

விமானம் ஓடுபாதைக்குத் திரும்பியது. நாங்கள் நினைத்ததைவிட எவ்வளவோ பெரிதாக இருந்தது. தூரத்திலிருந்து ஓடி வந்து, எங்களுக்கு நேரே வந்ததும் மூக்கைத் தூக்கியது. தூக்கியது, இன்னும் தூக்கியது.

லோகு அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. "போதும், போதும்டா! எறக்கு! மூக்க எறக்குடா!" என்று முழுத் தொண்டையில் கத்தினார். மாடியில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"சும்மா இரு லோகு, மானத்த வாங்காத" என்றார் அம்மா. அவர் கொஞ்சமும் பதறவில்லை. "அவன் பரீட்சை எழுதினவன். அவனுக்குத் தெரியும்."

விமானம் சின்னதாகி, மேகத்துக்குள் போய்விட்டது. அத்தை அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன்.

"நீங்க இதெல்லாம் எத்தனையோ தரம் பாத்திருப்பீங்கதானே அத்தை?" என்று கேட்டேன்.

"நான் எங்கடி பாத்தேன்? ஐயா பிளேன் ஏறப் போறப்பல்லாம் நான் குசினியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் மொதல் தரம் பாக்குறேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஏன் பயப்படல?"

"நீங்கதானே சொன்னீங்க, பயமில்லன்னு."

"நான் சொன்னா நம்பிடுவியா? கூறுகெட்ட கழுத" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் தம்பியும் சிரித்தான். தான் கத்தியதை ஆரோக்கியத்திடம் சொல்லக்கூடாது என்று ரயிலில் அத்தை எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது இதை வாசிக்கக் கேட்டு ஆரோக்கியம் அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கட்டும். அத்தை இருந்தால் அவருக்கு ஏச்சு கிடைத்திருக்கும். அது இல்லாமல் போனதுதான் அவருக்கு நட்டம்.

அத்தையின் சேலை ஒன்றை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது அவர் அன்று பிடித்த பிடி. எல்லாம் தெரிந்தவர் மாதிரி அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டி வந்தவர், எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துபோயிருந்தார் என்பது அந்தப் பிடியில்தான் எனக்குத் தெரிந்தது. பயத்தோடுதான் அவர் வழி கேட்டார், பஸ் பிடித்தார், பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு வருகிறவர்களுக்குப் பயம் இருக்காது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ராணியக்கா அடுத்த மாதம் லீவில் வருகிறாள். அவளைக் கூட்டிவர லோகு அத்தையோடு போவதாக அம்மா நினைத்திருந்தார். காரியத்துக்குச் சாமான் எழுதும்போது திடீரென்று நிமிர்ந்து, "இனி யாருடி நமக்கு வழி கேப்பா?" என்றார். எனக்கும் சிங்களம் தெரியும். யாரிடமும் பேசியதில்லை.

நேற்று நான் தனியாகப் பதுளைக்குப் போனேன். ஸ்டேஷன் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் போகும்வரை தூணோரம் நின்றேன். பிறகு போய், கொழும்புக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று சிங்களத்தில் கேட்டேன். உள்ளே இருந்தவர் காதில் விழவில்லை என்று கையைக் காட்டினார்.

இன்னும் சத்தமாகக் கேட்டேன்.